மாமுவின் சின்னத் திருகாணிகள்

உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு யோசனை. எழுந்த பிறகு எதற்கு எழுந்தோம் என்று இன்னொரு யோசனை. நம் வயதில் எல்லாருக்கும் இப்படித்தான் என்பீர்கள். சரிதான். எனக்கும் இப்போது எதிலும் அவசரம் இல்லை. ஒரே ஒரு மழைக்காலத்தை மட்டும் யாரிடமாவது சொல்லிவிட்டுப் படுத்தால் தேவலை போல இருக்கிறது. அந்த வீட்டில் என்னோடு இருந்தவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. இருப்பவர்களுக்கு ஞாபகமில்லை, அல்லது ஞாபகமில்லை என்கிறார்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன். நீங்களும் அந்த வருடங்களில் பாவாடை சட்டையோடு மழையில் நனைந்து, வீட்டில் திட்டு வாங்கியவர்கள்தானே.

எங்கள் வீடு மகாபலிபுரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருந்தது. அத்தா கடை வைத்திருந்தார். ஓலைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சங்கு மாலை, சோடா, கலர். வெள்ளைக்காரர்கள் வந்தால் வியாபாரம், வராவிட்டால் ஈ ஓட்டுவது. வீட்டில் அம்மா, நான், எனக்குக் கீழே இரண்டு தங்கைகள், கைக்குழந்தையாய் ஒரு தம்பி. எனக்குப் பத்து வயது. பகலெல்லாம் கல் செதுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மழை பிடித்தால்தான் அது நிற்கும். அப்போது கடல் சத்தம் கேட்கும்.

அந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து, மழை ஆரம்பித்த வாரத்தில், அம்மாவின் தம்பி பினாங்கிலிருந்து வந்து சேர்ந்தார். மாமுவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒல்லியாக, உயரமாக, பேசும்போது மெதுவாகச் சிரிப்பவராக இருந்தார். சென்ட் பாட்டிலும் கைலியும் பிஸ்கட் டின்னும் வரும் என்று நாங்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தோம். பிஸ்கட் டின் வந்தது. அதற்குக் கீழே பெட்டி நிறைய இரும்பும் பித்தளையுமாக என்னவோ இருந்தது.

"இன்னா தம்பி இது? மிஷினா?" என்றாள் அம்மா.

"ரீலு, அக்கா. மீன் புடிக்கிற ரீலு. தூண்டில் கழியில மாட்டிட்டு சுத்தினா நைலான் தங்கூசி நரம்பு தானா சுத்திக்கும்."

மாமு பினாங்கில் மீன்பிடி சாமான் விற்கும் கடையில் வேலை பார்த்தவர். ரிப்பேருக்கு வந்து யாரும் திரும்ப வாங்காமல் போட்டுவிட்டுப் போன ரீல்களை, வேலையை விட்டு வரும்போது முதலாளி இவரிடம் கொடுத்துவிட்டாராம். கப்பலில் உப்புக்காற்று பட்டு எல்லாம் பச்சை பூத்து இறுகிக் கிடந்தன. கைப்பிடியைச் சுற்றினால் மணல் அரைபடும் சத்தம். ஆனால் மாமு கண்ணுக்கு அவை வேறு மாதிரி தெரிந்தன. கடற்கரை ஓட்டலில் தங்குகிற வெள்ளைக்காரர்களுக்குக் கழியும் ரீலும் வாடகைக்குக் கொடுப்பது, கட்டுமரத்தில் கூட்டிப்போவது, கொடுவா மீன் பிடிக்கவைப்பது. தை பிறந்தால் வெள்ளைக்காரர்கள் கூட்டம் வரும். அதற்குள் எல்லாவற்றையும் ஓடவைத்துவிட வேண்டும். தை முடிவதற்குள் நிக்காஹ். மதுராந்தகத்தில் நெல் மண்டி வைத்திருந்தவரின் மகளை, மாமு வருவதற்கு முன்பே பேசி முடித்திருந்தார்கள்.

அத்தாவுக்கு இந்த யோசனையில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் சொன்னார்: "செய்யட்டும். சும்மா கீறதுக்கு இது மேல்."

வேலை பின்கட்டில் நடந்தது. ஓட்டுக்கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தத்துக்கு நடுவே, ஒரு பெரிய தட்டில் வெள்ளைத் துணி விரித்து மாமு ரீலைப் பிரிப்பார். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தால் எந்தத் திருகாணியும் இளகிவிடும். கழற்றுவது எளிது. உள்ளே பல்சக்கரங்கள், ஒரு சிறு சுருள்வில், ஒரு நாக்கு. சுற்றும்போது 'டிக் டிக்' என்று சத்தம் போடுவது அந்த நாக்குதான். தேய்த்துக் கழுவி, கிரீஸ் தடவி, திரும்ப உள்ளே அடுக்குவதுவரை மாமு ராஜா மாதிரி செய்வார். கடைசியில் மூடியைப் போட்டுத் திருகாணி மாட்டவேண்டும். அங்கேதான் எல்லாம் நிற்கும்.

அந்தத் திருகாணிகள் கடுகை விடக் கொஞ்சம் பெரியவை, அவ்வளவுதான். மாமு இடுக்கியால் ஒன்றை எடுப்பார். தட்டின் மேலே இருக்கும்வரை கை சாதாரணமாக இருக்கும். ஓட்டையை நெருங்க நெருங்க கை ஆட ஆரம்பிக்கும். கிட்டே போகப்போக ஆட்டம் கூடும். ஓட்டைக்கு மேலே வந்ததும் இடுக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கும். திருகாணி எங்கேயாவது தெறிக்கும். மாமு மூச்சை அடக்கிப் பார்ப்பார். முழங்கையைத் தரையில் ஊன்றிப் பார்ப்பார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பார். பிடித்த கையும் சேர்ந்து ஆடும்.

"இன்னா மாமு, குளுருதா?" என்று கேட்டேன்.

"இல்ல பாப்பா. ரெண்டு வருசமா இப்படித்தான் ஆடுது. ஊருக்கு வந்தா நின்னுடும்னு நெனச்சேன்."

எப்படியாவது ஓட்டையில் வைத்துவிட்டாலும் கை ஆடுவதால் திருகாணி சாய்ந்து ஏறும். சாய்ந்து ஏறினால் மரை கெட்டுவிடும். மரை கெட்டால் அந்த ரீல் குப்பை. இரண்டு ரீல்கள் அப்படிப் போயின. பிறகு நான் உட்கார்ந்தேன். என் விரல்களுக்கு ஓட்டை பக்கத்தில் இருந்தது. ஆனால் திருகாணி திருப்புளியின் முனையில் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. காந்தம் தேய்த்துப் பார்த்தோம். பித்தளைத் திருகாணி காந்தத்தை மதிக்கவில்லை. நோன்பு திறக்க வாங்கியதில் மிஞ்சிய பேரீச்சம்பழம் டப்பாவில் இருந்தது. அதைத் தின்றுகொண்டே உட்கார்ந்திருந்தவள், விரலில் ஒட்டியதைத் திருப்புளி முனையில் தடவினேன். திருகாணி ஒட்டிக்கொண்டு நின்றது. மெதுவாக ஓட்டையில் வைத்து, முதலில் பின்பக்கமாகச் சுற்றினேன். மரையின் வாய் கிடைத்ததும் ஒரு சின்ன இறக்கம், 'டிக்' என்று விரலுக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் முன்பக்கம் சுற்றவேண்டும். மாமு கைதட்டினார். எறும்புகளும் வந்தன. அந்த மழைக்காலம் முழுக்க ரீல்களில் எறும்பு ஊர்ந்தது.

ஒருநாள் தெறித்த திருகாணி ஒன்றை, முற்றத்தில் திரிந்த எங்கள் கோழி ஒரே கொத்தில் விழுங்கிவிட்டது. அந்த ரீலுக்கு அதுதான் கடைசித் திருகாணி. அளவு ஒத்து வேறு கிடைக்காது. மாமு நாள் முழுக்கக் குச்சியோடு கோழி பின்னால் நடந்தார். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"உன் மச்சானுக்கு இன்னா ஆச்சு? கோழி பின்னாடி திரிஞ்சிகினு கீறான்?" என்று பக்கத்துக் கடைக்காரர் அத்தாவிடம் கேட்டிருக்கிறார். கேட்டவர் அத்தோடு நிற்கவில்லை. "கையும் ஆடுது. டீக்கடையில பாதி டீய மேலயே ஊத்திக்கினான். பாத்துக்கோ பாய்."

அது மதுவிலக்கை எடுத்துவிட்டு அரசாங்கம் சாராயக்கடைகளைத் திறந்து விட்டிருந்த காலம். எங்கள் ஊரிலும் ஒன்று வந்திருந்தது. அதுவரை ஒளிந்து குடித்தவர்கள் வரிசையில் நின்று குடித்தார்கள். கை ஆடினால் அதற்கு ஒரே காரணம்தான் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தொழுகைக்குப் போன இடத்தில் மாமு தண்ணீர்க் குவளையைப் பிடித்ததைப் பார்த்து இரண்டு பேர் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்களாம். அத்தா அன்று சாப்பிடும்போது நேராகக் கேட்டார்.

"கை ஏன் ஆடுது?"

"தெரியல மச்சான். தானா ஆடுது."

"தானா இன்னாத்துக்கு ஆடும்? எனக்கு ஆடுதா? எம் பொண்டாட்டிக்கு ஆடுதா?"

மாமு அம்மாவைப் பார்த்தார். அம்மா கைக்குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"குர்ஆன் மேல கை வச்சி சொல்றேன் மச்சான். நான் தொட்டதில்ல."

அத்தா குழம்பை ஊற்றிக்கொண்டார். அவர் நம்பவில்லை என்பது எனக்கே தெரிந்தது. மறுநாள் முதல் அத்தா மாமுவின் கையிலிருந்து எதையும் வாங்கமாட்டார். தண்ணீர் கொடுத்தால் கீழே வைக்கச் சொல்வார். அத்தா கெட்டவர் இல்லை. எங்களை ஒரு அடி அடித்ததில்லை. அவர் கண்ட உலகத்தில் கை ஆடுகிறவர்கள் எல்லாரும் குடிகாரர்களாக இருந்தார்கள், அவ்வளவுதான்.

மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலையில், முடிந்திருந்த ரீல்களில் ஒன்றைச் சோதித்துப் பார்க்க மாமு கடலுக்குப் போனார். மாமுவோடு பழக்கமாகியிருந்த கட்டுமரக்காரர் ஒருவர் கூட்டிப்போனார். கரையில் நானும் பெரிய தங்கையும் நின்றோம். அலை தூக்கிப்போட்டதில் மாமு தண்ணீரில் விழுந்து, கட்டுமரத்தைப் பிடித்துக்கொண்டே கரைக்கு வந்தார். உதடு நீலமாகிவிட்டது. பல் அடித்துக்கொண்டது. கட்டுமரக்காரர் மணலில் புதைத்து வைத்திருந்த பாட்டிலை எடுத்தார்.

"குடி மச்சான், ஒரு மடக்கு. இல்லாட்டி ஜன்னி கண்டுடும்."

"வேணாம் அண்ணாத்த. ஹராம்."

"மருந்துன்னு நெனச்சிக்கோ. செத்துட்டா உங்க அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

கட்டுமரக்காரர் மாமுவின் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊற்றினார். மாமு இருமினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அழுகிய பழமும் மண்ணெண்ணெயும் கலந்தது மாதிரி ஒரு வாடை. பெரிய தங்கை பயந்து வீட்டுக்கு ஓடிவிட்டாள். நாங்கள் வெயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். ரீலில் மணல் புகுந்துவிட்டதா என்று நான் கொண்டுவந்திருந்த திருப்புளியால் மாமு மூடியைக் கழற்றிப் பார்த்தார். பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில், என்னிடம் கொடுக்காமல் தானே திருகாணியை எடுத்து வைத்தார்.

அது ஓட்டையில் போய் உட்கார்ந்தது. ஒரு சுற்று பின்னால், மூன்று சுற்று முன்னால்.

மாமு கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். விரல்களை விரித்தார். ஆடவில்லை. இன்னொரு திருகாணியைக் கழற்றி மாட்டினார். அதுவும் ஏறியது. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் பயந்துபோயிருந்தது. எழுந்து போய்க் கடல் தண்ணீரில் வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்தார்.

மாலைக்குள் கை மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டது.

மதுராந்தகத்துக்கு ஊர்ப்பேச்சு போய்ச் சேர அதிக நாள் ஆகவில்லை. பெண்ணின் தகப்பனார் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வருவதாகச் சொல்லியனுப்பினார். காரணம் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்தது. அம்மா அந்தக் கோழியையே அறுத்தாள். இரைப்பையைக் கீறிக் கழுவும்போது மணலோடு திருகாணி வந்து விழுந்தது. கழுவித் துடைத்து மாமு கையில் வைத்தாள். அவர் சிரிக்கவில்லை. அன்று காலையிலிருந்தே அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தொழுகைக்குப் போகுமுன் கடற்கரைப் பக்கம் போய்விட்டு வந்தார். வரும்போது வாயில் கிராம்பு மென்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனேன். கிராம்புக்கு அடியில் அந்த வாடை இருந்தது.

வந்தவர் கனத்த ஆள். வெள்ளைத் தாடி, முழங்கை வரை மடித்த சட்டை. ஒரு வாழ்நாள் முழுக்க நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தே விலை சொல்லிப் பழகியவர். நாற்காலியில் உட்கார்ந்து மாமுவை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னாமோ மிஷினு ரிப்பேர் பண்றியாமே தம்பி. கொண்டா, பாப்போம்."

மாமு தட்டை எடுத்துவந்தார். கோழி விழுங்கிய திருகாணிக்காகக் காத்திருந்த அதே ரீல். பேரீச்சம்பழம் இல்லை, நான் இல்லை. இடுக்கியால் எடுத்தார், வைத்தார், பின்னால் சுற்றினார், முன்னால் சுற்றினார். கைப்பிடியைச் சுற்றி 'டிக் டிக்'கென்று ஓடவிட்டு அவர் கையில் கொடுத்தார். பிறகு அம்மா கொடுத்த டீயை ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுபோய் நீட்டினார்.

பெரியவர் தாடியைத் தடவினார். "கை நல்லாத்தானே கீது. ஊரான் வாய்க்கு இன்னா, எதாச்சும் பேசுவான்."

"அதாங்க நானும் சொன்னேன்," என்றார் அத்தா. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அன்றுதான் பல வாரங்களுக்குப் பிறகு மாமு கையிலிருந்து தண்ணீரை நேராக வாங்கிக் குடித்தார். நிக்காஹுக்கு நாள் பார்த்தார்கள். கோழிக்கறி நன்றாக இருந்தது என்றார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் மாமு பின்கட்டில் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பார், வேலை செய்யமாட்டார். தொழுகையில் ஸஜ்தாவுக்குப் போனால் நெற்றியைப் பாயிலிருந்து எடுக்க நேரமாகும். ஒரு மத்தியானம் சமையல்கட்டில் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே தலையை ஆட்டினாள். ஒரு தடவை கத்தியோடு கையைத் தூக்கி, முற்றத்தில் பாண்டி ஆடிக்கொண்டிருந்த எங்கள் மூன்று பேர் பக்கம் காட்டினாள். மாமு திரும்பி எங்களைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் "சரிக்கா" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாளே மதுராந்தகத்துக்குக் கிளம்பினார். பெண் வீட்டுக்குப் பலகாரம் கொடுக்கவேண்டும் என்றார். தனி ஆளாகப் போனால் மரியாதை இல்லை என்று அம்மா என்னையும் அனுப்பினாள். இப்போதிருக்கிற அகலமான கடற்கரைச் சாலையெல்லாம் அப்போது இல்லை. மேற்கே எந்த ஊருக்குப் போனாலும் திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று சுற்றித்தான் போகவேண்டும். செங்கல்பட்டில் பஸ் மாறினோம். மதுராந்தகம் ஏரி நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. "கடல் மாதிரி கீது மாமு" என்றேன். "ம்" என்றார்.

மண்டியில் நெல் மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. உள்ளே போனதும் தூசியில் தும்மல் வந்தது. பெரியவர் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எழுந்தார். மாமு உட்காரவில்லை.

"மாமா, ஒரு விசயம் சொல்லணும். அன்னைக்கு நீங்க வந்தப்ப என் கை ஆடல. ஏன்னா அன்னைக்கு நான் குடிச்சிருந்தேன்."

பெரியவருக்கு முதலில் புரியவில்லை.

"குடிக்காத அன்னைக்குத்தான் மாமா ஆடும். எப்பவும் ஆடும். ஒரு மடக்கு குடிச்சா நின்னுடுது. ஏன்னு எனக்குத் தெரியல. பொய்யான கையக் காட்டிட்டு உங்க பொண்ணக் கட்டிக்க எனக்கு மனசு வரல. இதோ பாருங்க." மாமு இரண்டு கைகளையும் நீட்டினார். பிறகு பெரியவரின் மேசையில் கிடந்த ஒரு நெல்மணியை எடுக்கப் போனார். எடுக்க முடியவில்லை. கை பறந்தது.

பெரியவர் வெகுநேரம் அந்தக் கையைப் பார்த்தார். கோபப்படத்தான் போகிறார் என்று மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஆனால் அவர் குரல் உயரவில்லை.

"தம்பி, என் வயசுல எத்தினியோ குடிகாரனப் பாத்துட்டேன். குடிச்சா கை நிக்கிது, குடிக்காட்டி ஆடுதுன்னா அதுக்கு ஒரே பேருதான். மொடாக்குடி." பிறகு ஏதோ இரக்கம் வந்தவர் மாதிரிக் கேட்டார். "வியாதின்னு சொல்ல வர்றியா? உங்க வூட்ல வேற யாருக்கின்னா இப்படி கீதா? உங்க அத்தாவுக்கு இருந்திச்சா?"

மாமு என் பக்கம் பார்த்தார். நான் மூட்டை ஓரத்தில் சிந்தியிருந்த நெல்லைக் காலால் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"இல்ல மாமா. யாருக்கும் இல்ல. எனக்கு மட்டும்தான்."

"அப்ப நீ போய்ட்டு வா தம்பி," என்றார் பெரியவர்.

என்னதான் இருந்தாலும் வீடு தேடி வந்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்பமாட்டார்கள். மண்டிக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. இடையில் ஒரு துணித்திரை. அதற்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. ஒரு சிறுபெண் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். எனக்குக் கண்ணாடி டம்ளர் நிறைய. மாமுவுக்குப் பெரிய பித்தளை லோட்டாவில் பாதிக்கும் கீழே. அவர் இரண்டு கையாலும் பிடித்து, நின்றபடியே குடித்தார். சிந்தவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் கையைப் பார்த்து, அளந்து ஊற்றியவள் யாரோ. மாமுவுக்குப் பேசியிருந்த பெண்ணாகத்தான் இருக்கவேண்டும். மாமு லோட்டாவைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்து ஸலாம் சொன்னார். உள்ளிருந்து பதில் வந்ததா என்று எனக்குக் கேட்கவில்லை. லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது.

வீட்டில் அத்தா குதித்தார். "குடிச்சதுமில்லாம அங்க போய் வேற சொல்லிட்டு வந்தியா? எம் மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?" மாமு பின்கட்டுக்குப் போய்விட்டார். அம்மா அன்று சோறு குழைய விட்டுவிட்டாள். எல்லாரும் குழைந்த சோற்றைச் சாப்பிட்டோம்.

தை பிறப்பதற்குள் மாமு பினாங்குக்கே போய்விட்டார். கப்பலுக்கு அத்தாதான் ஏற்பாடு செய்தார். வீட்டை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது அவருக்கு. ரீல்கள் கொஞ்சகாலம் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், போனார்கள், யாரும் தூண்டில் கேட்கவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கட்டிலுக்கு அடியில் சுத்தமாக இருந்தது. பழைய இரும்புக்காரன் வந்தானாம். நான் அழுதேனா என்று நினைவில்லை. அழுதிருக்கமாட்டேன் என்று தோன்றுகிறது. அந்த வயதில் ஒன்று போனால் இன்னொன்று வந்துவிடும்.

மாமு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பினாங்கில் உண்மையிலேயே குடித்தார் என்று அங்கிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். இருக்கலாம். எனக்கு நிக்காஹ் ஆகி, முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது அவர் மவுத்தான செய்தி வந்தது. அத்தா, "அல்லா மன்னிக்கட்டும்" என்றார். எல்லாரும் ஆமீன் சொன்னோம்.

இப்போது நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். போன வருடம் எனக்குக் கை ஆட ஆரம்பித்தது. சும்மா இருந்தால் இல்லை. கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும்போது, பூட்டில் சாவியை நுழைக்கும்போது. செங்கல்பட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். சின்னப் பெண்தான். காகிதத்தில் வட்டம் சுழிக்கச் சொன்னாள். என் வட்டம் ரம்பம் மாதிரி வந்தது.

"பயப்பட ஒண்ணுமில்லம்மா. இது நடுக்க வியாதி. பரம்பரையா வரும். உங்க வீட்ல யாருக்காவது இருந்ததா?"

நான் அந்த ரம்ப வட்டத்தைப் பார்த்தேன். பிறகு கேட்டேன். "குடிச்சா இது நிக்குமா டாக்டர்?"

அவள் முக்காடு போட்ட கிழவியை ஒரு மாதிரிப் பார்த்துச் சிரித்தாள். "சில பேருக்கு அப்படித்தான்மா. கொஞ்சம் ஆல்கஹால் போனா கொஞ்ச நேரம் அடங்கும். அதுக்காக நீங்க ஆரம்பிச்சிடாதீங்க."

அம்மா பொத்தேரியில் என் தம்பி வீட்டில் இருக்கிறாள். கீழ்த்தளம் முழுக்கக் காலேஜ் பிள்ளைகள் குடியிருப்பதால் எப்போதும் சத்தம். அம்மாவுக்குக் காது மந்தம், அதனால் பரவாயில்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு வாயை வைத்துச் சொன்னேன்.

"அம்மா, மாமு குடிகாரர் இல்லம்மா. அது வியாதியாம். எனக்கும் வந்துகீது."

அம்மா என் கையைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்," என்றாள். "எங்க அத்தாவுக்கும் அந்தக் கைதான். சோறு பெசைஞ்சா பாதி கீழ வுழும். நான் பொறந்ததுலேர்ந்து பாத்தவ."

"தெரியுமா? அப்ப ஏன்மா சொல்லல?"

"அவனும் அதான் கேட்டான். 'அக்கா, நம்ம அத்தாவுக்கும் இப்படித்தான்னு ஒரு வார்த்த சொல்லுக்கா, மண்டிக்காரர் நம்புவாரு'ன்னு. குடிகாரன்னா கெட்ட பேரு அவன் ஒருத்தனோட போச்சி. வியாதின்னா நம்ம ரத்தத்துல கீதுன்னு ஆயிடும். மூணு பொட்டப் புள்ளைய வச்சிக்கினு நான் எங்க போறது? உங்கள யாரு கட்டுவான்?" என் கையைத் தன் முந்தானையால் மூடினாள். "நீயும் யார்கிட்டயும் சொல்லாத. உம் பேத்திக்குப் பாத்துகினு கீறாங்கல்ல."

எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. அவள் தலைமுடியைச் சரிசெய்துவிட்டு பஸ் ஏறினேன்.

பேத்தியைப் பார்க்கப் பிள்ளை வீட்டார் போன மாதம் வந்தார்கள். மகள் என்னை உள்ளேயே இருக்கச் சொன்னாள், காரணம் சொல்லாமல். நான் போய்ப் பையனின் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். கையை நீட்டிக் காட்டினேன். இது எங்கள் குடும்பத்தில் வருவது, என் அம்மாவின் அத்தாவுக்கு இருந்தது, என் மாமுவுக்கு இருந்தது, எனக்கு இருக்கிறது, இந்தப் பெண்ணுக்கும் ஒருநாள் வரலாம் என்றேன். மகள் முகம் வெளுத்துவிட்டது.

அந்த அம்மாள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் கணவர் பக்கம் தலையை ஆட்டினாள்.

"இதுக்கா இவ்ளோ தயங்குனீங்க? எங்க வூட்ல எல்லாருக்கும் சக்கரை கீதுங்க. நாங்க சொன்னமா?"

எல்லாரும் சிரித்தார்கள். பேத்தியும் சிரித்தாள். பேச்சு மண்டபம், தேதி என்று போய்விட்டது. நான் எழுந்து உள்ளே வந்து, சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றேன். இவ்வளவுதானா, இவ்வளவுதானா என்று மாமுவிடம் கேட்பதற்காக அவர் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. ஒல்லியாக, உயரமாக இருப்பார் என்பது மட்டும்தான் ஞாபகம் இருந்தது.